42.195 கிலோமீற்றரும் மலைப்பாதையும்: மலையக நகர மரதன்களை எப்படிப் புரிந்துகொள்வது?

கண்டி, நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் வீதி ஓட்டப் போட்டி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கேள்விகளே எழுகின்றன. ஐந்து கிலோமீற்றர் ஓடியவரும் மரதன் ஓடியவராகக் கணக்கிடப்படுவாரா? கொழும்பில் நான்கு மணித்தியாலத்துக்குள் முடித்த ஒருவர் இங்கே ஐந்து மணித்தியாலத்தை நெருங்கினால் அவர் பின்தங்கிவிட்டார் என்று பொருளா? ஏற்பாட்டாளர்கள் 21 கிலோமீற்றர் என்று சொல்லும் பாதை கைக்கடிகாரத்தில் 21.4 என்று காட்டுவது ஏன்? மலையிலிருந்து கீழ்நோக்கி ஓடிப் பதிவுசெய்த நேரம் ஏன் சாதனைப் பட்டியலில் இடம்பெறுவதில்லை?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விடயந்தான். மரதன் என்பது தூரத்தால் வரையறுக்கப்பட்ட போட்டி. ஆனால் மலைநாட்டில் ஓட்டத்தின் கடினத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமும் கடல்மட்டத்திலிருந்தான உயரமும் ஆகும். தூரத்தை மாத்திரம் அச்சிட்டு, மொத்த ஏற்றத்தை வெளியிடாத ஒரு போட்டி அறிவித்தல், ஓடவிருப்பவருக்குத் தேவையான தகவலில் பாதியை மறைத்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

ஒரே காலையில் நான்கு போட்டிகள்

1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடந்த முதலாவது மரதன் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமானது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீற்றரே 1921 இல் நிலையான தூரமாக ஏற்கப்பட்டது. இன்றைய நகர மரதன்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பின்வரும் போட்டிகளை உள்ளடக்குகின்றன.

1. முழு மரதன்: 42.195 கிலோமீற்றர்.
2. அரை மரதன்: 21.0975 கிலோமீற்றர்.
3. 10 கிலோமீற்றர் வீதி ஓட்டம்.
4. குடும்பங்களும் பாடசாலைப் பிள்ளைகளும் பங்கேற்கும் 5 கிலோமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த மகிழ்வோட்டம்.

இந்த நான்கையும் சேர்த்து நிகழ்வுக்கு 'மரதன்' என்று பெயரிடுவதில் தவறில்லை. ஆனால் முடிவுப் பட்டியலும் சான்றிதழும் எந்தத் தூரம் என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

பாதை எவ்வாறு அளக்கப்படுகிறது?

மலையகப் பாதைகளைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி அளவீட்டிலிருந்தே தொடங்குவதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

வீதி ஓட்டப் பாதைகளை அளப்பதற்கு உலக மெய்வல்லுநர் சங்கம் ஏற்றுக்கொண்டுள்ள முறை, வாகனத்தின் மீற்றரோ செய்மதிக் கருவியோ அல்ல. ஒரு துவிச்சக்கர வண்டி. வண்டியின் முன் சக்கரத்தில் சுழற்சிகளை மிகச் சிறிய கூறுகளாக எண்ணும் சிறு கருவியொன்று பொருத்தப்படும். முதலில், உருக்கு நாடாவால் துல்லியமாக அளந்த நேரான வீதித் துண்டொன்றில் வண்டியைப் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை எண்ணிக்கை விழுகிறது என்பது கணிக்கப்படும். பாதையை அளந்து முடித்த பின்னர் அதே துண்டில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். சூடேறும்போது டயர் சற்றே விரிவடைந்து எண்ணிக்கை மாறிவிடும் என்பதே இதற்குக் காரணம். விடியலில் குளிர்ந்தும் முற்பகலில் வெயில் ஏறியும் இருக்கும் நுவரெலியா போன்ற இடத்தில் இந்த இரண்டாவது சரிபார்ப்பைத் தவிர்க்கவே முடியாது.

அளவீட்டில் இரண்டு விதிகள் முக்கியமானவை. ஓட்டக்காரர் ஒருவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியே அளக்கப்படும். வளைவுகளில் உள் ஓரத்திலிருந்து 30 சென்றிமீற்றர் தள்ளி வண்டி செல்லும். அத்துடன், பாதை தவறியும் குறைந்துவிடாதிருக்க 0.1 சதவீதம் மேலதிகமாகச் சேர்க்கப்படும். முழு மரதனில் அது ஏறத்தாழ 42 மீற்றர்.

இப்போது றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியைப் போன்ற கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பாருங்கள். முழு அரைவட்டமாகத் திரும்பும் ஒரு வளைவில், அளந்த கோட்டிலிருந்து 4 மீற்றர் வெளியே ஓடுபவர், அந்த ஒரு திருப்பத்தில் மாத்திரம் ஏறத்தாழ 12.5 மீற்றர் அதிகமாக ஓடுகிறார். இப்படிப் பத்து வளைவுகளில் வெளிப்புறமாகவே சென்றால் 125 மீற்றர் கூடிவிடும். இது பாதையின் குறை அல்ல. ஓடிய வழி அப்படி. கைக்கடிகாரத்திலுள்ள செய்மதிக் கருவியும் செங்குத்தான மலைச்சரிவுகளுக்கும் உயர்ந்த சவுக்கு மரங்களுக்கும் இடையே சமிக்ஞையைச் சரியாகப் பெறாமல் தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். எனவே கைக்கடிகாரத்தின் அளவை வைத்துக்கொண்டு பாதை தவறானது என்று முறையிடுவது பெரும்பாலும் பொருந்தாது.

மறுபுறம், வாகன மீற்றரை நம்பி அளந்த பாதையை 'அரை மரதன்' என்று விளம்பரப்படுத்துவதும் பொருந்தாது. சர்வதேசச் சான்றிதழ் பெற்ற அளவீடு 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இடையில் வீதி மாறினால் மீண்டும் அளக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகள் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் வீதிகளைக் கடுமையாகச் சேதப்படுத்தின. அவ்வாறு சேதமடைந்து, திருத்தும்போது வளைவு மாற்றியமைக்கப்பட்ட வீதி எதுவானாலும் அதன் பழைய அளவை நம்ப முடியாது.

கீழ்நோக்கி ஓடிய நேரம் ஏன் சாதனை ஆகாது?

உலகச் சாதனை அங்கீகரிக்கப்படுவதற்குப் பாதையின் வடிவம் சார்ந்த இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் போட்டித் தூரத்தின் பாதியை மீறக் கூடாது. இரண்டாவது, தொடக்கப் புள்ளியைவிட முடிவுப் புள்ளி, கிலோமீற்றருக்கு 1 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கக் கூடாது. முழு மரதனுக்கு இது 42 மீற்றர்.

1897 முதல் நடந்துவரும் பொஸ்டன் மரதன் இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவுசெய்வதில்லை. அதன் முடிவுப் புள்ளி தொடக்கத்தைவிட ஏறத்தாழ 140 மீற்றர் தாழ்வானது. 2011 இல் கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் அங்கு 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் ஓடி முடித்தார். அதுவரை எவரும் அந்தத் தூரத்தை அவ்வளவு விரைவாக ஓடியிருக்கவில்லை. இருந்தும் அது உலகச் சாதனையாகப் பதியப்படவில்லை.

இதை நம்மூர்ப் பாதைக்குப் பொருத்திப் பார்க்கலாம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நானுஓயா ரயில் நிலையம் சுமார் 250 மீற்றர் கீழே இருக்கிறது. 8 கிலோமீற்றருக்கு அனுமதிக்கப்படும் இறக்கம் 8 மீற்றர் மாத்திரமே. ஆகவே நகரிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒருவழியாக ஓடிப் பெறும் எந்த நேரமும், அது எவ்வளவு வியப்பூட்டினாலும், ஒப்பீட்டுக்குரியதல்ல. சென்று திரும்பும் பாதையோ சுற்றுப் பாதையோ அமைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அப்போது இறங்கிய 250 மீற்றரையும் திரும்ப ஏற வேண்டும்.

ஏற்றம் எடுப்பதை இறக்கம் திருப்பித் தருவதில்லை

'ஏற்றத்தில் இழக்கும் நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம்' என்ற நம்பிக்கை ஓட்டக்காரர்களிடம் பரவலாக உண்டு. உடலியங்கியல் அளவீடுகள் இதை ஏற்பதில்லை. 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயரும் வீதியில் ஓடுவதற்கு, சமதரையில் அதே தூரத்தை ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான சக்தி செலவாகிறது. அதே சாய்வில் இறங்கும்போது செலவு குறைகிறது. ஆனால் ஏற்றத்தில் கூடிய அளவுக்குக் குறைவதில்லை. ஏறி இறங்கிக் கணக்குப் பார்த்தால், சமதரையைவிட அதிகமாகவே செலவழிந்திருக்கும். சாய்வு கூடக் கூட இந்த இடைவெளியும் அகலும்.

இறக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கீழ்நோக்கி ஓடும்போது முன்தொடைத் தசைகள் நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்கித் தடுக்கின்றன. தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை ஏற்படுத்துவது இந்த வகை இயக்கந்தான். ஓடும் நேரத்தில் இறக்கம் இலகுவாகவே தோன்றும். வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் பெறும். முதல் பத்து கிலோமீற்றர் இறக்கத்தில் விரைந்தவர்கள் முப்பதாவது கிலோமீற்றரில் சிறு மேட்டில்கூட நடக்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணம் எரிபொருள். உடலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 2,000 கலோரி. சமதரையில் ஓடுபவருக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு முழு மரதனில் 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். சமதரை மரதனிலேயே 30 கிலோமீற்றருக்குப் பின் பலர் திடீரெனத் தளர்ந்துபோவது இந்தப் பற்றாக்குறையால்தான். மலைப்பாதையில் அந்தத் தளர்ச்சி இன்னும் முன்னதாகவே வரும்.

பொஸ்டன் பாதையில் உலகமெங்கும் பேசப்படும் ஓர் ஏற்றம் உண்டு. அது 32 கிலோமீற்றரைத் தாண்டியபின் வருகிறது. உயர்வோ ஏறத்தாழ 27 மீற்றர் மாத்திரமே. பிரதான வீதியிலிருந்து தோட்டத்து லயங்களுக்கு ஏறும் குறுக்கு வழிகளில் இதைவிட அதிகமாக ஏறி இறங்குபவர்கள் மலையகத்தில் ஏராளம். ஓர் ஏற்றத்தின் கடினம் அதன் உயரத்தில் மாத்திரமல்ல, பாதையில் அது எங்கே வருகிறது என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மலைப்பாதை ஓட்டங்களில் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு இங்கே உதவும். மொத்தமாக ஏற வேண்டிய ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 1 கிலோமீற்றரைத் தூரத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும். 500 மீற்றர் ஏற்றமுள்ள அரை மரதன், உழைப்பின் அளவில் 26 கிலோமீற்றருக்குச் சமம். 900 மீற்றர் ஏற்றமுள்ள முழு மரதன் 51 கிலோமீற்றருக்குச் சமம். ஆரம்பத்தில் கேட்கப்பட்ட ஐந்து மணித்தியாலக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது.

உயரமான இடத்துக் காற்று

நுவரெலியாவின் காற்றிலும் ஒட்சிசனின் பங்கு கடற்கரையில் உள்ளதைப் போலவே ஏறத்தாழ 21 சதவீதந்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ 80 சதவீதமாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஒட்சிசனின் அளவும் அதற்கேற்பக் குறைகிறது. நெடுந்தூர ஓட்டம் முழுவதும் ஒட்சிசனை நம்பியதாகையால் பாதிப்பு நேரடியாகவே தெரியும்.

ஒலிம்பிக் வரலாற்றில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. 1964 இல் டோக்கியோவில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 2 மணி 12 நிமிடத்தில் மரதனை வென்றார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் அதே நாட்டின் மாமோ வோல்டே வென்ற நேரம் 2 மணி 20 நிமிடம். வோல்டேயும் மேட்டுநிலத்திலேயே வாழ்ந்து பழகியவர்தான். அதே மெக்சிகோவில் குறுந்தூர ஓட்டங்களிலும் நீளம் பாய்தலிலும் உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன. அடர்த்தி குறைந்த காற்று விரைந்து செல்லும் உடலைக் குறைவாகவே தடுக்கிறது.

இதனால் விளைபவை மூன்று.

1. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதல் நாள் மாலை நுவரெலியாவுக்கு வந்து மறுநாள் காலை ஓடுபவர், தமது வழமையான வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. உடல் பழகுவதற்கு வாரக் கணக்கில் நாட்கள் தேவை.
2. உயரத்தில் நிரந்தரமாக வாழ்பவரின் உடல் செங்குருதிக் கலங்களை அதிகமாக உற்பத்திசெய்து ஈடுகொடுக்கிறது. கென்யாவின் இட்டென் போன்ற 2,400 மீற்றர் உயரத்து ஊர்கள் பயிற்சிக் களங்களாகியிருப்பதன் பின்னணி இதுவே. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளின் பிள்ளைகளுக்கு இயல்பாகவே இந்த வாய்ப்பின் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. முறையான பயிற்றுநரும் நல்ல சப்பாத்தும் சத்துணவும் கிடைக்காத வரையில் அது வாய்ப்பாகவே கிடக்கும்.
3. மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கி ஓடுபவருக்கு ஒட்சிசன் சாதகமாக இருந்தாலும் வெப்பமும் ஈரப்பதனும் பாதகமாகும். வெப்பத்துக்குப் பழகுவதற்கும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மாத்திரமே உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சாய்வே பிரதான விடயம்.

எந்த மாதம்?

மலையகம் முழுவதற்கும் பொருந்தும் ஓட்டக் காலம் என்று ஒன்றில்லை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை உள்ளிட்ட மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. அதே காலத்தில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் ஒப்பீட்டளவில் வரண்டிருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ் பருவத்தில் ஊவாப் பக்கம் நனையும். இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் மண்சரிவு அபாயமும் இரு பக்கத்துக்கும் பொதுவானவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் அந்த வீதியில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு என்றாலும், ஆண்டின் தொடக்கத்தில் சில விடியல்களில் தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழுவதுண்டு. ஏப்ரலில் வசந்த காலக் கொண்டாட்டத்துக்காக வரும் கூட்டத்தால் வீதிகள் நிரம்பி வழிகின்றன.

குளிர்ப் பிரதேசத்தில் தாகம் குறைவாகத் தெரிவதால் சிலர் நீரே அருந்துவதில்லை. அச்சத்தால் அளவுக்கு மீறி அருந்துவோரும் உண்டு. பின்னையதும் ஆபத்தானது. 2002 பொஸ்டன் மரதனை முடித்தவர்களில் 488 பேரிடம் குருதி பெற்று நடத்திய ஆய்வில், 13 சதவீதமானோரின் குருதியில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியது முக்கியக் காரணமாக அடையாளம் காணப்பட்டது. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு நீர் நிலையம் என்ற வழமையான ஏற்பாடு போதுமானது. தாகத்துக்கு ஏற்ப அருந்துவதே நல்லது. மலையகத்தில் அதற்கு மேலாக வேண்டியது, முடிவுக் கோட்டில் உலர்ந்த போர்வையும் சூடான பானமும். வியர்வையில் நனைந்த உடல் மூடுபனிக் காற்றில் ஓட்டத்தை நிறுத்தியவுடன் மிக விரைவாகக் குளிர்ந்துவிடும்.

நேரக் கணிப்பும் வீதி மூடலும்

இலக்கத் தாளில் ஒட்டப்பட்ட சிப், தொடக்கக் கோட்டிலும் இடையிலும் முடிவிலும் விரிக்கப்பட்ட பாய்களைக் கடக்கும்போது நேரத்தைப் பதிகிறது. வெடி ஒலித்ததிலிருந்து எண்ணப்படும் நேரத்தாலேயே வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவார். தொடக்கக் கோட்டைக் கடந்ததிலிருந்து எண்ணப்படும் நேரம் ஓட்டக்காரரின் சொந்தக் கணக்குக்குரியது.

வீதியைத் திறக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலான நகர மரதன்கள் நேர வரம்பு விதிக்கின்றன. ஆறு மணித்தியால வரம்பு என்றால் கிலோமீற்றருக்குச் சராசரியாக 8 நிமிடம் 32 செக்கன். சமதரையில் அது மெதுவான ஓட்டம். நீண்ட ஏற்றத்தில் பலருக்கு எட்டாத வேகம். சமதரைப் போட்டியின் வரம்பை அப்படியே எடுத்து மலைப்பாதைக்கு விதிப்பது, பணம் கட்டி வந்த புதியவர்களை இடைவழியில் வாகனத்தில் ஏற்றுவதிலேயே முடியும்.

ஆனால் வரம்பை நீட்டினால் வீதி மூடலும் நீளும். கொழும்பில் ஒரு வீதியை மூடினால் அடுத்த வீதி இருக்கிறது. கண்டி – நுவரெலியா வீதியிலோ ஹட்டன் – நுவரெலியா வீதியிலோ பல இடங்களில் மாற்றுவழியே கிடையாது. தோட்ட வைத்தியசாலையிலிருந்து பிரசவத்துக்காக நகர வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் தாயும், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறியும் அதே வீதியில்தான் வர வேண்டும். ஆகவே நீண்ட ஒருவழிப் பாதையைவிட, நகரைச் சுற்றிய குறுகிய பாதையைப் பல சுற்றுகளாக ஓடச் செய்வதே மலையகத்துக்குப் பொருத்தமானது. நுவரெலியாவில் கிரகரி வாவியை ஒட்டிய பகுதி போன்ற சமமான இடங்கள் அதற்கு உதவும். எந்த அமைப்பிலும் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிகளுக்கு ஒரு தடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மூடப்படும் நேரங்கள் தோட்ட மக்களுக்குத் தமிழில், முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.

பிள்ளைகளை எந்த ஓட்டத்தில் சேர்க்கலாம்?

பெரிய சர்வதேச நகர மரதன்கள் பல, முழு மரதனுக்கு 18 வயதைக் குறைந்தபட்சமாக வைத்துள்ளன. நமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நடத்தப்படும் மரதன் ஓட்டம் தூரத்தில் மிகக் குறைந்தது என்றாலும், அதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதனில் பங்கேற்ற 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தது நாடு முழுவதையும் உலுக்கியது. மலையகத்தில் பிள்ளையைப் பதிவுசெய்வதற்கு முன் பெற்றோர் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியவை இவை.

1. பாதையின் மொத்த ஏற்றம் எத்தனை மீற்றர்? 5 கிலோமீற்றர் என்று அறிவிக்கப்பட்ட பாதை 200 மீற்றர் ஏறினால், பிள்ளை செலவிடும் உழைப்பு 7 கிலோமீற்றருக்குரியது.
2. பிள்ளைக்கு இதய நோய், ஆஸ்துமா, குருதிச்சோகை, ஓடும்போது மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருக்கிறதா என்று விசாரித்து, தேவைப்பட்டால் வைத்தியரின் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டா? மயங்கி விழுந்த அனுபவமுள்ள பிள்ளையைப் பரிசோதனையின்றி ஓடவிடவே கூடாது.
3. அண்மையில் காய்ச்சல் கண்ட பிள்ளை விலகிக்கொள்ள அனுமதி உண்டா? இல்லத்துக்குப் புள்ளி குறையும் என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது.
4. காலை உணவு உண்டு, செரிப்பதற்கு நேரம் விட்டு ஓட முடியுமா? தூரத்துத் தோட்டங்களிலிருந்து விடியலிலேயே புறப்படும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு தொடக்கக் கோட்டுக்கு வருவதைத் தடுக்க, பாடசாலையிலேயே எளிய உணவு வழங்கப்பட வேண்டும்.
5. பாதையில் முதலுதவி தெரிந்தவர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள்? தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத வளைவுகளில் செய்தி அனுப்புவதற்கு என்ன ஏற்பாடு? மூச்சின்றி விழுந்தவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே நெஞ்சை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். மலைவீதியில் வாகனம் வந்து சேர அதைவிட நேரமாகும்.